அஃப்ஸர் ஜஹானின் சாய்வெட்டுப் பேனா

அப்துல் ஹமீத் தோலை விரலால் தடவிப் பார்த்தே அது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். ஆம்பூரில் அவர் வேலை பார்த்த டேனரியில் பதனிட்ட ஆட்டுத்தோல்கள் எல்லாம் அவர் கையைக் கடந்துதான் கட்டுகளாக மெட்ராஸுக்குப் போகும். கழுத்து, வயிறு, முதுகு என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், 1926ஆம் ஆண்டில் சரக்கோடு மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போனபோது, தெருவோரம் பழைய சாமான் விற்றவரிடம் ஒரு கறுப்புப் பேனாவை எழுதிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தங்க நிப்பு வெயிலில் மின்னியது. அது போதுமாக இருந்தது அவருக்கு.

மறுநாள் டேனரி ஆபீசில் அந்தப் பேனா கைக்குக் கை மாறியது. மை ஊற்றி யார் எழுதினாலும் காகிதத்தைக் கீறியது. ஓர் எழுத்து விழும், அடுத்த எழுத்து விழாது. கம்பெனியின் இங்கிலீஷ் கடிதங்களை எழுதும் ரைட்டர் ராமமூர்த்தி, தோலின் மணியை, அதாவது மேல்பரப்பின் நுண்புள்ளிகளைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து நிப்பை உற்றுப் பார்த்தார். நுனி நேராக இல்லை. ஒரு பக்கம் நீண்டு, மறு பக்கம் குறுகி, சாய்வாக வெட்டியது போல் இருந்தது. முன்னால் வைத்திருந்தவன் அழுத்தி எழுதித் தேய்த்துவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுக்க சுண்ணாம்புக் குழிப் பக்கம் வரை அதே பேச்சு. ஓட்டைத் தோலைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவர் கோணல் பேனாவைக் கையில் வைத்தும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஹமீதும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்து, பெட்டிக்குள் எங்கேயாவது போட்டுவை, கண்ணில் படவேண்டாம் என்றார்.

அஃப்ஸர் ஜஹான் அதைப் பெட்டிக்குள் போடவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. சொந்த ஊர் வேலூர். பிறந்த வீட்டில் அவளுடைய அண்ணனுக்கு எழுத்து என்றால் வேப்பங்காய். உஸ்தாத் கொடுத்த பலகையில் உருது எழுதிப் பழகச் சொன்னால் மாமரத்தில் ஏறிவிடுவான். அடி வாங்காமல் இருக்க, பலகையைத் தங்கையிடம் தள்ளிவிட்டான். இவள் எழுத, அவன் கொண்டுபோய்க் காட்ட, இரண்டு வருஷத்தில் உஸ்தாத் அவனைத் தெரு முழுக்கப் புகழ்ந்தார். குட்டு வெளிப்பட்டபோது அஃப்ஸரின் கையெழுத்து யாராலும் நிறுத்த முடியாத அளவுக்கு முற்றிப்போயிருந்தது.

கல்யாணமாகி ஆம்பூர் வந்தபின் அவளுக்கு ஒரே ஒரு குறை. உருதுவை அழகாக எழுத நாணல் பேனா வேண்டும். கலம் என்று சொல்லும் அந்தப் பேனாவின் நுனியைச் சரியான சாய்வில் சீவ வேண்டும். இரண்டு பக்கம் எழுதினால் நுனி மழுங்கிவிடும், மறுபடி சீவ வேண்டும். பிறந்த வீட்டில் அந்த வேலையை மட்டும் அண்ணன் மனசாரச் செய்து கொடுத்தான். இங்கே ஹமீத் தோல் சீவும் கத்தியால் சீவிக் கொடுப்பார். பாலாற்றங்கரையிலிருந்து ஒரு கட்டு நாணல் கொண்டுவந்தால் அதில் இரண்டு தேறினால் அதிசயம்.

பேனா வீட்டுக்கு வந்த மறுநாள் பகல் சமையல் முடிந்ததும் அவள் அந்தக் கறுப்புப் பேனாவை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். ராமமூர்த்திக்குப் பூதக்கண்ணாடியில் தெரிந்தது அவளுக்கு வெறும் கண்ணிலேயே தெரிந்தது. நுனியின் சாய்வு, அவள் சிறுவயது முதல் பார்த்துப் பழகிய சாய்வு. ஆபீஸ்காரர்கள் இங்கிலீஷ் எழுதுவதுபோல் பிடித்திருப்பார்கள். நுனியின் ஒரு மூலை மட்டும் காகிதத்தில் பட்டிருக்கும், அதனால் கீறியிருக்கும். அவள் நாணலைப் பிடிப்பதுபோல் கையைத் திருப்பி, நுனி முழுவதும் காகிதத்தில் உட்காரும்படி வைத்து, வலமிருந்து இடமாக இழுத்தாள். சத்தமே இல்லை. படுத்துப் போகும் கோடு தடித்து விழுந்தது. மேலிருந்து இறங்கும் கோடு முடிபோல் மெலிந்து வந்தது. தன் பெயரை எழுதினாள். அடுத்த வீட்டு ஆட்டின் பெயரை எழுதினாள். பால் கணக்குச் சீட்டின் பின்பக்கம் நிறைந்து போனது.

சாயங்காலம் ஹமீத் வந்ததும் அந்தச் சீட்டை நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கலத்தால எழுதினதா?"

"நீங்க பெட்டில போடச் சொன்ன பேனாவால எழுதினது. இது கோணல் இல்லீங்க. நம்ம எழுத்துக்குன்னே வெட்டின மாதிரி இருக்குது. சீவவே வேணாம்."

ஹமீத் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் டேனரியில் அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. தெரிந்துதான் வாங்கினேன் என்று சொல்லவும் தொடங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து ராமமூர்த்தியே மெட்ராஸ் கடை ஒன்றின் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். அதில் நிப்புகளின் படம் வரிசையாக இருந்தது. மெல்லியது, நடுத்தரம், பட்டை. கடைசியாக, சாய்வாக வெட்டிய ஒன்று. "தேய்மானம் இல்ல பாய். இப்படியே செய்றாங்க. ஆப்ளிக்னு பேர் போட்டிருக்கான். நான் சொன்னது தப்பு," என்று ஒப்புக்கொண்டார். தப்பை ஒப்புக்கொண்ட கையோடு ஆபீசின் நீல மையில் ஒரு புட்டியையும் கொடுத்தனுப்பினார். அது நல்ல நேரத்தில் வந்தது. ஏனென்றால் அஃப்ஸர் அதற்குள் நாணலுக்குக் காய்ச்சும் விளக்குக்கரி மையைப் பேனாவுக்குள் ஊற்றியதில், அது தொண்டையில் அடைத்துக்கொண்டு, மூன்று நாளாகப் பேனா வெந்நீர்க் கிண்ணத்தில் படுத்துக் கிடந்தது.

அந்தத் தெருவில் ஏழு வீடுகளின் ஆண்கள் ரங்கூனில் இருந்தார்கள். ஆம்பூர்க்காரர் ஒருவர் அங்கே தோல் கடை வைத்திருந்தார். ஊரிலிருந்து ஆட்களை அழைத்துப்போய், எல்லாரையும் ஒரே வீட்டு மாடியில் தங்கவைத்திருந்தார். அவர்களுக்குக் கடிதம் எழுதுவது இங்கே பெண்களுக்குப் பெரிய பேஜார். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், கூலிக்குக் கடிதம் எழுதும் முன்ஷி ஒருவர் இருந்தார். கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு வெளியே நிற்கும் ஆண் ஒருவருக்குச் சேதி சொல்லி எழுதவைப்பதென்றால், எல்லாரும் நலம், மழை பெய்தது, சலாம், இவ்வளவுதான் வாயில் வரும். மனசில் இருப்பது மனசிலேயே இருக்கும்.

முதலில் வந்தவர் ஹலீமா பீ. ஐம்பது வயது, அவருடைய கணவர் பதினைந்து வருஷமாக ரங்கூனில் இருந்தார். அடுத்து, அஃப்ஸரை ஆபா, அதாவது அக்கா என்று கூப்பிடும் வஹீதா வந்தாள். பதினெட்டு வயது, கல்யாணமான எட்டாம் மாதம் கணவன் அமீர் பாஷா அவளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறியிருந்தான். அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், மதியத் தொழுகைக்குப் பிறகு, அஃப்ஸரின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டு நடுவில் வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் பேசும் உருதுவிலேயே அவர்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். காகிதத்தில் எழுத்து தடித்தும் மெலிந்தும் வளைந்து போவதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, இதை எப்படி உறையில் போட்டு ஒட்ட மனசு வரும் என்று ஹலீமா பீ சொன்னார்.

புகழ்ச்சி அஃப்ஸருக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதில்தான் வினை வந்தது. பெண்கள் சொல்வதை அப்படியே எழுதினால் இந்த எழுத்துக்குப் பொருத்தமாக இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு அழகான எழுத்தில் எருமை கன்று போட்டதையும், கூரை ஒழுகுவதையும் எழுதுவதா? கொஞ்சம் மெருகு போட்டாள். அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி, அவளுடைய சொந்தச் சரக்கு. அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு: 'வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும் நாளுக்காக என் காதுகள் நோன்பிருக்கின்றன.' அந்த வரியை வஹீதாவின் கடிதத்தில் முதலில் எழுதினாள். எழுதியபின் வீணாக்க மனசில்லாமல் இன்னும் மூன்று பேருடைய கடிதத்திலும் எழுதினாள். நான்காவது, ஹலீமா பீயினுடையது.

ரங்கூன் மாடியில் நடந்தது அவளுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே யாருக்காவது கடிதம் வந்தால் சாப்பிட்டு முடிந்ததும் சத்தமாகப் படிப்பது வழக்கம். ஒரே தபாலில் நான்கு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில் காதுகள் நோன்பிருந்தபோது எல்லாரும் ஆஹா என்றார்கள். இரண்டாவதிலும் காதுகள் நோன்பிருந்தன. மூன்றாவதில் வந்தபோது தரையில் விழுந்து சிரித்தார்கள். ஹலீமா பீயின் கணவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அவருக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினார்கள். இவளைக் கட்டி முப்பது வருஷம் ஆகிறது, இவள் காது என் செருப்புக்காக நோன்பிருக்காது, என் செருப்பு வாசலில் அழுக்கு பண்ணாமல் இருந்தால் போதும் என்பாள் என்று அவர் சொன்னார்.

அமீர் பாஷா மட்டும் சிரிக்கவில்லை. அவன் நான்கு கடிதங்களையும் வாங்கி விளக்கடியில் அடுக்கிப் பார்த்தான். நான்கும் ஒரே கை. அதுவும் சாதாரணக் கை அல்ல. தேர்ந்த எழுத்தர் ஒருவருடைய கை. வீட்டுப் பெண்கள் எழுதினால் இரும்பு நிப்பால் குச்சி குச்சியாக எழுதுவார்கள். இப்படித் தடித்து மெலிந்து எழுதுவதற்கு கையால் எழுதி அச்சடிக்கும் உருது அச்சகத்தில் உட்கார்ந்து பழகிய ஆண்பிள்ளை வேண்டும். யாரோ ஒருவன் தன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து இப்படியெல்லாம் எழுதுகிறான் என்று நினைத்த மாத்திரத்தில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. அன்றே பதில் எழுதினான்.

அந்தப் பதில் ஒரு வியாழக்கிழமை ஆம்பூருக்கு வந்தது. வஹீதாவுக்குப் படிக்கத் தெரியாது. வழக்கம்போல் ஓடி வந்து அஃப்ஸரிடம் உறையைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அஃப்ஸர் முதல் இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். உனக்காகக் கடிதம் எழுதும் அந்த ஆண் யார், அவன் நம் வீட்டில் எங்கே உட்காருகிறான், என் அம்மாவுக்கு இது தெரியுமா என்று அமீர் பாஷா கேட்டிருந்தான்.

நலம் விசாரித்திருக்கிறார் என்று சொல்லி மடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வஹீதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆபா, நிறுத்திட்டீங்க?"

அஃப்ஸர் ஒளிக்கவில்லை. கடைசி வரை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்து, தானாக வரிகளைச் சேர்த்ததையும், அதையே நான்கு பேருக்கும் எழுதியதையும் சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் சொல்கிறவர்களை மறந்துவிட்டேன் என்றாள்.

வஹீதா அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அவளோ பேனாவை எடுத்து அஃப்ஸரின் கையில் வைத்தாள்.

"எழுதுங்க ஆபா. இன்னிக்கு நான் சொல்றத மட்டும் எழுதுங்க. ஒரு வார்த்தை ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

அன்று அவள் சொன்னது இது: "நீங்க போறப்ப கெணத்துல வுட்ட வாளி இன்னும் அங்கியே கெடக்குது. உங்க அம்மா தெனம் அதச் சொல்லி என்னைத்தான் திட்டுறாங்க. நீங்க வாங்கிக் குடுத்த பச்சை வளையல்ல ரெண்டு உடைஞ்சுபோச்சு. மீதிய எடுத்து வச்சிட்டேன். இந்தக் கடுதாசிய எழுதுறது அஃப்ஸர் ஆபா. பொம்பள. ஹமீத் பாய் வூட்டுக்காரங்க. நம்பினா நம்புங்க. எனக்கு ரொம்பக் கோவமா இருக்குது. கோவத்த கடுதாசில தீக்க முடியாது. நேர்ல வந்தா திட்டிக்கறேன்."

அஃப்ஸர் அப்படியே எழுதினாள். கிணற்று வாளி என்று எழுதியபோது அந்த எழுத்துகளும் அழகாகத்தான் விழுந்தன. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கடிதம் கடலில் போய்க்கொண்டிருந்தபோதே அமீர் பாஷா எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தான். பதில் வரும்வரை காத்திருக்க அவனால் முடியவில்லை. முதலாளியிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பலேறி, மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்து, ஒரு நாள் உச்சி வெயிலில் ஆம்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிவாசல் முன்ஷியிடம் போய், எழுதியது நீங்களா என்று கேட்டான். நான் அந்தத் தெருவுக்குப் போயே பல மாதமாயிற்று, என் பிழைப்பே போய்விட்டது, நீயாவது கேட்டாயே என்று அவர் தன் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அதன் பிறகுதான் வீட்டுக்குப் போனான். வாசலில் நல்ல ஆரோக்கியத்தோடு நின்றிருந்த அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் மகனைப் பார்த்துப் பயந்துபோனார். வஹீதா உள்ளேயிருந்து, எழுதியவர் யார் என்று தெரியவேண்டுமானால் ஹமீத் பாய் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று மாமியார் மூலமாகச் சேதி அனுப்பினாள். எதிரில் வரவில்லை.

அப்படியாக, பெட்டியைக்கூடத் திறக்காமல், ரங்கூன் கோட்டும் தொப்பியுமாக அமீர் பாஷா ஹமீதின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்று வெள்ளிக்கிழமை, ஹமீத் வீட்டில் இருந்தார். அவர் ஆளை உட்காரவைத்து, சர்பத் கொடுத்து, ரங்கூனில் ஆட்டுத்தோல் என்ன தரம் என்று விசாரித்தார். அமீர் பாஷா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தான்.

"பாய், இதப் பொம்பள எழுதினதா யாரு சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

"நம்ப வேணாம். நீ ஏதாவது சொல்லு. இப்பவே எழுதிக் காட்டச் சொல்றேன்," என்றார் ஹமீத்.

கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் அஃப்ஸர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள். கடலைத் தாண்டி வந்தவன் வாயில் ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில், "ரங்கூன்ல மழை ஜாஸ்தி. அங்க அரிசி நல்லாருக்குது, ஆனா சமைக்கிறவன் சரியில்ல," என்றான்.

சிறிது நேரத்தில் திரையின் அடியிலிருந்து காகிதம் வந்தது. மை இன்னும் ஈரமாக மினுங்கியது. அமீர் பாஷா கையில் இருந்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே தடிப்பு, அதே மெலிவு, அதே வளைவு. அவன் சொன்ன மழையும் அரிசியும் சமையற்காரனும் சொன்னது சொன்னபடி இருந்தன. அதற்குக் கீழே, இடைவெளி விட்டு, வேறு இரண்டு வரி இருந்தது: 'மேலே உள்ளது நீங்கள் சொன்னது. காதுகள் நோன்பிருந்தது நான் சொன்னது. அந்தத் தப்பு என்னுடையது, வஹீதாவினுடையது அல்ல. அவளிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.'

அவன் அதை இரண்டு முறை படித்தான். முகம் காது வரை சிவந்துபோயிற்று. அந்தப் பேனாவை ஒரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டான். ஹமீத் திரைக்கு உள்ளே கை நீட்டி வாங்கிக் கொடுத்தார். அமீர் பாஷா தன் பெயரை எழுதப் பார்த்தான், காகிதம் கிழிந்தது. ஹமீத் அவன் தோளில் தட்டி, எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் என்று சமாதானம் சொன்னார்.

வஹீதா அவனை மூன்று நாள் திட்டினாள் என்று தெருவில் சொன்னார்கள். முதல் நாளே அவன் கிணற்றில் இறங்கி வாளியை எடுத்துவிட்டான். அந்தக் கடிதம் அவன் கைக்கு வராவிட்டாலும், வாளி விஷயத்தை அம்மாவே சொல்லியிருந்தார். நாலாம் நாள் அவள் அஃப்ஸரிடம் வந்தபோது கை நிறையப் புதுப் பச்சை வளையல் போட்டிருந்தாள். ஒன்றரை மாதம் கழித்து அவன் ரங்கூன் திரும்பியபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனான். அந்தக் கோபக் கடிதம் அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்து, மாடியில் எல்லாரும் படித்து, மனப்பாடமாகிக் கிடந்தது. வஹீதா படியேறிப் போனபோது ஹலீமா பீயின் கணவர், "வாம்மா, திட்ட வேண்டியதெல்லாம் திட்டி முடிச்சியா?" என்று விசாரித்தாராம்.

அதற்குப்பிறகு அஃப்ஸர் யாருடைய கடிதத்திலும் தன் சரக்கைச் சேர்க்கவில்லை. ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. ஹலீமா பீ எழுதச் சொன்னது முழுக்க ஆடுகளைப் பற்றியது. எந்த ஆடு எந்தச் செடியைத் தின்றது, எதற்கு வயிறு சரியில்லை, எது எதோடு முட்டிக்கொண்டது. ஆனால் ரங்கூனிலிருந்து பதில் வந்தபோது, அந்தப் பெரியவரும் ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லி விசாரித்திருந்தார். அதைப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஹலீமா பீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்ததை அஃப்ஸர் பார்த்தாள். அதன்பின் எருமைக்கும் கூரைக்கும் அவள் முகம் சுளித்ததில்லை. சொல்லத் தெரியாமல் விழிக்கிற பெண்களிடம், அவர் இப்போது எதிரில் நின்றால் முதலில் என்ன சொல்வாய், அதைச் சொல் என்பாள். முக்கால்வாசிப் பேர் சண்டையில்தான் தொடங்கினார்கள்.

1932இல் ஒரு விபத்து நடந்தது. மை நிரப்பும்போது பேனா கைதவறிக் கல்தரையில் தலைகுப்புற விழுந்து நிப்பு மடங்கிவிட்டது. ஹமீத் அதை மெட்ராஸுக்குக் கொண்டுபோய், பேனா ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் மடங்கியதை நிமிர்த்தினார். நல்ல மனசோடு இன்னொரு காரியமும் செய்தார். நுனி கோணலாக இருக்கிறதே என்று அதையும் உரசி உருட்டி நேராக்கிக் கொடுத்துவிட்டார். அதற்குத் தனியாகக் கூலிகூட வாங்கவில்லை.

அஃப்ஸர் ஒரு வரி எழுதிப் பார்த்தாள். எல்லாக் கோடும் ஒரே பருமனாக வந்தது. "சேமியா மாதிரி இருக்குது," என்றாள். ஹமீதுக்கு அழுகை வராத குறை. நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன், நேராக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் என்றார். அவள் சிரித்துவிட்டாள்; அப்புறம் அவரும் சிரித்தார்.

ராமமூர்த்தி ஆபீஸ் அலமாரியைக் கிளறி அந்தப் பழைய விலைப்பட்டியலைத் தேடி எடுத்தார். கம்பெனிக் கடிதம் எழுதும் அதே தோரணையில், சாய்வாக வெட்டிய பட்டை நிப்பு ஒன்று தேவை, நேராக்கிவிட வேண்டாம், அது தவறல்ல என்று அடிக்கோடு போட்டு மெட்ராஸ் கடைக்கு எழுதினார். சீமையிலிருந்து வரவேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. அந்த இரண்டு மாதமும் ரங்கூனுக்குச் சேமியா எழுத்தில்தான் கடிதங்கள் போயின. அங்கேயிருந்து வந்த பதில்கள் எல்லாவற்றிலும், வீட்டு விஷயத்துக்கு முன்னால், அஃப்ஸர் ஜஹானுக்கு உடம்பு சரியில்லையா என்ற கேள்வி இருந்தது. வஹீதா இரண்டு குழந்தைகளுக்கு அம்மா ஆகியிருந்தாள். அவள் மயில் தைலம் ஒரு புட்டியே அனுப்பிவைத்தாள், கைவலிக்கு நல்லதென்று. புது நிப்பு வந்து சேர்ந்தபோது, பழையதை ராமமூர்த்திக்குக் கொடுத்தார்கள். இங்கிலீஷ் எழுத அருமையாக இருக்கிறது என்று அவர் வெகுநாள் வைத்திருந்தார்.

அடுத்த வருஷம் டேனரி முதலாளி, பெரியமேட்டுக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஹமீதை நான்கு மாதம் அனுப்பினார். கல்யாணமானதிலிருந்து அவர் நான்கு நாளுக்குமேல் வீட்டை விட்டு இருந்ததில்லை. போன பத்தாம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. இத்தனை பேருக்கு எழுதுகிறாய், எனக்கு ஒரு வரி இல்லையா என்று கேட்டிருந்தார். அவருடைய எழுத்து எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல் இருந்தது.

அஃப்ஸர் காகிதத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக ஏழு வீட்டுக்கும் எழுதியவளுக்கு, தன் கடிதத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று நாள் பேனாவைக் கழுவுவதும் மை நிரப்புவதுமாகப் போனது. ஹலீமா பீ வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "அவரு இப்ப எதிர்ல நின்னா மொதல்ல இன்னா சொல்லுவே? அத எழுது," என்றார்.

அவள் எழுதினாள். நீங்கள் இல்லாமல் வீட்டில் சத்தமே இல்லை, ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்ல ஆளில்லை, இரண்டு தடவை கேட்டதே போதும் என்று நான் முன்பு சொன்னது பொய் என்று எழுதினாள். தெருவோரம் எதையும் எழுதிப் பார்க்காமல் வாங்க வேண்டாம், ஆனாலும் மின்னினால் வாங்கிவிடுவீர்கள் என்று தெரியும் என்று எழுதினாள். இரண்டு பக்கம் போயிற்று.

பெரியமேட்டுக் கிடங்கில் ஹமீத் அந்தக் கடிதத்தைத் தோல் தரகர்களுக்கு எல்லாம் காட்டினார். உள்ளே இருப்பதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. காகிதத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, எழுத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். அப்புறம் மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, தபாலாபீஸ் மூடுவதற்குள் பதில் போட வேண்டும் என்று கிளம்பினார்.